முகம் படிக்கத் தெரிந்தவள்

புதுச்சேரியில் சில வீடுகளில், ஆயா உயிரோடு இருக்கிறாள் என்பதை ஆண்டுதோறும் காகிதத்தில் எழுதி, முத்திரை வாங்கி, பிரான்சுக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். இங்கே அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், அங்கே கணக்கில் இருக்க மாட்டாள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். சொல்தாக்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அவர்களுடைய விதவைகள் மிச்சமிருக்கிறார்கள். பலருக்கு பிரெஞ்சில் வருவது 'பொன்ழூர்', 'மெர்சி', அப்புறம் தன் கையெழுத்து. இந்த மூன்றுக்கும் அந்தப் படிவத்துக்கும் நடுவில் கிடக்கும் தூரத்தை நடந்து கொடுத்தே என் வயதில் பாதி கழிந்தது.

வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பின்கதை சொல்ல வேண்டும். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வழி இருந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். என் தாத்தா கொடுக்கவில்லை. அவருடைய அண்ணன் கொடுத்தார். ஒரே வீட்டில், ஒரே சமையலில், இரண்டு தேசத்துக்காரர்கள். எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள். பாரிசுக்குப் பக்கத்தில் சார்செல் என்ற ஊரில் நம்மவர்கள் நிறைய. அங்கே பிறந்த பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லை; இங்கே இருக்கும் ஆயாக்களுக்கு பிரெஞ்சு இல்லை. நடுவில் என்னைப் போல் ஒருத்தி தெருவுக்குத் தெரு இருப்பாள்.

நான் ஒரு பள்ளியில் பிரெஞ்சு டீச்சர். படிவம் நிரப்புவதும், பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவான எத்தா சிவில் காகிதங்களைப் படித்துச் சொல்வதும், போனில் மொழிபெயர்ப்பதும் என் தொழில் அல்ல. அதனால்தான் அதற்கு நேரம் காலம் இல்லாமல் போயிற்று. காலையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது வருவார்கள். ராத்திரி பாயைப் போட்ட பிறகும் வருவார்கள். எவரிடமும் காசு வாங்கியதில்லை. "அந்தப் பொண்ணுக்கு வாயத் தொறந்து சொல்லணும்னே இல்ல, மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கும்" என்று தெருவில் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது கிடைத்த சந்தோஷம் சம்பள நாளில்கூடக் கிடைத்ததில்லை.

முகம் படிக்க நான் கற்றுக்கொண்டது, பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்த அந்தப் பெரிய தாத்தாவிடம். சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். பிள்ளையில்லை. எங்களோடுதான் இருந்தார், வீடு ஓடியது அவர் பென்ஷனில். மாலையில் வெளியே போய்விட்டு வந்து தொப்பியை ஆணியில் மாட்டினால் பாதகமில்லை. மேஜைமேல் போட்டார் என்றால் ரேடியோவை நிறுத்த வேண்டும், தம்பியைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், அம்மா குழம்பைத் திரும்பச் சுட வைக்க வேண்டும். மனுஷர் கெட்டவர் இல்லை. அங்கே என்ன பார்த்துவிட்டு வந்தாரோ, அதைப் பேச வீட்டில் யாருக்கும் காது இல்லை. எனக்கு பிரெஞ்சு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் பசிக்கிறது என்று சொல்வதற்கு முன்பும் நான் தொப்பி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். தொப்பி மேஜையில் இருந்த நாட்களில் எனக்குப் பசித்ததா என்பதே ஞாபகம் இல்லை.

இது பெரிய ஆளான பிறகும் போகவில்லை. எதிரில் இருப்பவரின் புருவம் சுருங்குவதற்குள் அதைச் சரிசெய்ய எனக்குள் யாரோ எழுந்துவிடுவார்கள். போன் மொழிபெயர்ப்பில் இந்தத் திறமை உச்சத்துக்குப் போயிற்று. பேரன், "இந்த வருஷமும் வரவில்லை, லீவுக்கு ஸ்பெயின் போகிறோம், எதிர்பார்க்க வேண்டாம்" என்பான். நான், "லீவு கிடைக்கலையாம் ஆயா, உங்களையே நெனச்சுக்கிட்டு இருக்கானாம்" என்பேன். ஆயா, "வயசான காலத்துல விட்டுட்டுப் போயிட்டான் அவன் அப்பன்" என்று பொருமுவாள். நான் பிரெஞ்சில், "உங்கள் அப்பாவை விசாரித்ததாகச் சொல்லச் சொல்கிறார்" என்பேன். இரண்டு பக்கமும் சிரித்தபடி போனை வைப்பார்கள். எத்தனை குடும்பங்களை நான் இப்படிச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

தெருவுக்கு இப்படி. வீட்டில் நான் வேறு ஆள். கணவர் காபியில் சர்க்கரை குறைவு என்றால் பாத்திரம் உருளும். மகள் ஏதாவது சொல்ல வந்தால், "இப்பதான் உக்காந்தேன், அதுக்குள்ளயா" என்பேன். ஒருநாள் அவள் கதவோரம் நின்று கேட்டாள்: "உங்கிட்ட பேசணும்னா நாங்களும் ஒரு படிவத்தோட வரணுமாம்மா?" அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. நன்றி கெட்ட பிள்ளை என்று ஆயாக்களிடமே போய்ப் புலம்பினேன். காசு வாங்காமல் செய்கிற வேலைக்கு நான் ஊர் முழுவதும் நன்றியை வசூலித்துக்கொண்டிருந்தேன் என்பதும், கொடுக்காதவர்கள் பெயரை மனசுக்குள் குறித்து வைத்திருந்தேன் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் படுத்தபோது டாக்டர், "எத்தனை நாளாக வலி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டு அத்தைக்கு முழங்கால் வலி எந்த மாதம் ஆரம்பித்தது, மூலை வீட்டு ஆயாவுக்கு எந்தக் கண்ணில் முதலில் புரை வந்தது, எல்லாம் சொல்லியிருப்பேன். என் வயிற்றைப் பற்றிக் கேட்டால் கணவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர்தான் சொன்னார், "பொங்கலுக்கு முன்னாடியே ராத்திரியில எழுந்து உக்காருவா, சார்."

ஓய்வில் இருந்தபோது ரோமன் ரோலண்ட் நூலகத்திலிருந்து சில புத்தகங்களை மகள் எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் ஒன்று டேனியல் கோல்மன் 1995-இல் எழுதிய 'இமோஷனல் இன்டலிஜென்ஸ்'. அந்தச் சொல் இப்போது கம்பெனிப் பயிற்சி வகுப்புகளில் படாத பாடு படுகிறது. வாடிக்கையாளரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. உணர்வு நுண்ணறிவு என்று தமிழிலும் சொல்கிறார்கள். கோல்மனுக்கு முன்பே, 1990-இல், பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கவனிப்பது, இது இன்னது என்று பிரித்தறிவது, அதை வைத்து யோசிப்பதும் நடப்பதும் என்று அவர்கள் விளக்கியிருந்தார்கள். தன்னுடையது முதலில் இருந்தது. எனக்குப் பாடத்தின் முதல் பாதியே வரவில்லை. பிற்பாதியில் மட்டும் மாநிலத்தில் முதலிடம்.

இன்னொரு புத்தகம் என்னைக் கூடுதலாகத் தொட்டது. ஆர்லி ஹாக்‌ஷில்டு என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983-இல் எழுதியது. விமானப் பணிப்பெண்களைப் பற்றிப் பேசுகிறார். சம்பளத்துக்காக நாளெல்லாம் சிரித்துச் சிரித்து, எது தன் சிரிப்பு, எது கம்பெனிச் சிரிப்பு என்று தெரியாமல் போகிற நிலையைச் சொல்கிறார். எனக்குச் சம்பளமும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என்னை எனக்குக் காட்டியவர் உள்ளூர்க்காரர். கோல்மனின் புத்தகம் வந்த அதே 1995-இல்தான் எங்கள் ஊர் பிரபஞ்சனின் 'வானம் வசப்படும்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலைப் பிடித்துக்கொண்டுதான் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புக்குப் போனேன். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அவருடைய மாளிகை இன்னும் நிற்கிறது. கவர்னர் துய்ப்ளெக்சின் துபாஷி. 1746-இல் கனகராய முதலியார் இறந்த பிறகு அந்தப் பெரிய உத்தியோகம் அவர் கைக்கு வந்தது. வெள்ளைக்காரர் சொல்வதை ஊருக்கும், ஊர் சொல்வதை வெள்ளைக்காரருக்கும் கொண்டு போகிற வேலை. கவர்னர் இன்று எந்த மனநிலையில் இருக்கிறார், இந்தச் சேதியை இப்போது சொல்லலாமா, சாயங்காலத்துக்குத் தள்ளலாமா என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டிய வேலை. மேஜைமேல் தொப்பி கிடந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அவரை உடனே புரிந்துவிட்டது.

அவர் 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தார். ஆங்கிலேயர் முற்றுகையில் ஊர் விழுந்த அதே 1761 ஜனவரியில் இறக்கும்வரை, இடைவெளிகளோடு, தமிழில் எழுதினார். துய்ப்ளெக்சின் மனைவி மதாம் ழானோடு அவருக்கு ஆகவே ஆகாது. நேரில் மரியாதை குறையாமல் நடந்துகொண்டு, அந்த அம்மாளைப் பற்றிய ஆத்திரத்தையெல்லாம் நாட்குறிப்பில் கொட்டியிருக்கிறார். 1748 செப்டம்பரில், அதற்கு முந்தைய ஒரு முற்றுகையின்போது, வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். உத்தியோகம் பெரியதுதான், ஆனாலும் அவரால் தடுக்க முடியவில்லை. அந்தத் துயரமும் நாட்குறிப்பில்தான் இருக்கிறது. அவர் போய் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 1846-இல்தான் அந்த ஏடுகள் வெளிச்சத்துக்கு வந்தன.

படித்ததும் ஒரு நோட்டு வாங்கினேன். பிள்ளைவாளுக்கு ஒரு ஏடு இருந்தது, எனக்கு இல்லை, அதுதான் கோளாறு என்று நினைத்தேன். எழுதினேன். கொஞ்ச நாளில் அது தெருவின் குற்றப்பட்டியல் ஆகிவிட்டது: இன்றைக்கு யார் நேரங்கெட்ட நேரத்தில் வந்தார்கள், யார் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கூட எடுத்து வைக்கவில்லை. திருப்பிப் படித்தால் எனக்கே அந்த எழுதியவளைப் பிடிக்கவில்லை. பிள்ளை விஷயத்திலும் பிறகு ஒரு சந்தேகம் வந்தது. வருஷக்கணக்கில் மதாமைப் பற்றி ஏட்டில் எழுதினாரே, அந்த அம்மாள் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? உத்தியோகம் போயிருக்கும், சரி. அவருக்குப் போக ஒரு உத்தியோகம் இருந்தது. எனக்கு எது போய்விடும் என்று இத்தனை பயம்?

அதற்குப் பதில் மூலை வீட்டு ஆயாவிடமிருந்து வந்தது, நான் கேட்காமலே. பேரன் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவன் நீளமாக ஏதோ சொன்னான்: வேலை மாறியது, மனைவியோடு சண்டை, இந்தக் கோடையிலும் வர முடியாது, வந்தால் எல்லோருக்கும் பரிசு வாங்கவே பாதிச் சம்பளம் போய்விடுகிறது. நான், "கொஞ்சம் வேலையாம் ஆயா, அடுத்த வருஷம் பாக்கலாம்ங்கிறான்" என்றேன்.

ஆயா கீரையைக் கீழே வைத்தாள். "ஏன்டி, அவன் இவ்ளோ நேரம் பேசினான். நீ ரெண்டு வார்த்தை சொல்ற. மிச்சத்த எங்க வெச்சிருக்க?"

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன்.

"அவன் அப்பனப் பெத்தவ நான். கொரல்ல வர்றது எனக்குத் தெரியாதா? வரலன்னா வரலன்னு சொல்லு. அழறதா வேணாமான்னு நான் பாத்துக்கறேன்."

நான் அதுவரை ஆயாவின் மனசைக் காப்பாற்றுவதாக நம்பிக்கொண்டிருந்தேன். ஆயாவுக்கு எண்பதுக்கு மேல் வயது; புருஷனைக் கொண்டுபோய்ப் புதைத்தவள், மகனை விமானம் ஏற்றி அனுப்பியவள். ஒரு பேரன் வரமாட்டேன் என்பதைத் தாங்கிக்கொள்ள அவளுக்கு என் உதவி தேவையில்லை. அவள் முகம் வாடுவதைப் பார்க்க என்னால்தான் முடியவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைத் தவிர்ப்பதற்காகப் பேரன் சொன்னதைத் திருடி, ஆயா சொன்னதைத் திருடி, இரண்டு பேரையும் பொம்மைகளோடு பேச வைத்திருக்கிறேன். மனைவியோடு சண்டை என்று அவன் சொன்னது பாட்டிக்குப் போய்ச் சேர வேண்டிய சேதி. அதை நான் வைத்துக்கொண்டேன். நேரங்கெட்ட நேரத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் 'வாங்க வாங்க' என்று சொன்னதும் இதே வகைதான். அன்பு கொஞ்சம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தது அன்பு அல்ல. முடியாது என்றதும் அவர்கள் முகம் மாறுமே, அதற்குப் பயந்துதான் திறந்தேன்.

அப்புறம் கதவில் ஒரு காகிதம் ஒட்டினேன். 'பிரெஞ்சுக் காகித வேலை: செவ்வாய், வெள்ளி, மாலை 4 முதல் 6 வரை.' தெருவே சிரித்தது. "என்னாடி, டிஸ்பென்சரி வெச்சிட்டியா?" என்றார் எதிர்வீட்டு அத்தை. சிலர் வெள்ளிக்கிழமை வரை பொறுத்தார்கள். சிலர் பேத்திகளிடம் கேட்டார்கள். அந்தப் பெண்கள் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பாதி வேலையை முடித்துவிட்டார்கள். நான் இல்லாவிட்டால் தெரு நின்றுவிடும் என்ற நினைப்புக்கு அதுவே போதுமான அடி.

ஒருவர் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று வீடு தள்ளி இருக்கும் சித்தி. சனிக்கிழமை காலையில் வந்தார். செவ்வாய்க்கிழமை பார்க்கலாமா சித்தி என்றேன். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனவர் போனவர்தான். அவசரம் ஒன்றும் இல்லை, கெடு முடிய மாதக்கணக்கில் இருந்தது. பால் வாங்கப் போகும்போதெல்லாம் அவர் முகம் திரும்புவதைப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் அன்றே ஓடிப்போய்க் காலைப் பிடித்துவிடலாம் என்று இருந்தது. நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். எட்டு வயதில் தொப்பியைப் பார்த்தபோது இருந்ததேதான். அது தானாக இறங்குகிறது என்பதை அந்த வயதில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வீடு வந்து காய் நறுக்கி முடிப்பதற்குள் இறங்கிவிடும். சித்தி இன்றுவரை பேசவில்லை. அவர் காகிதங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேறொருவர் பார்க்கிறார். நான் செய்ததைவிடச் சுத்தமாகச் செய்கிறார் என்று கேள்வி.

இதற்காக, செல்போனில் எல்லாரும் பரப்பிக்கொண்டிருக்கும் 'உனக்கு நீ முதலில்', 'ஒத்துவராதவர்களை வெட்டிவிடு' கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் படம் கீழே விழும். அங்கே வெட்டிவிட்டு எங்கே போவது? 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் வீட்டுக்குள் சிக்கியவர்களை மீட்க ராணுவம் வந்தது. தாழ்வான நகர்களிலிருந்து சொந்தக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று எங்கள் தெருவில் வந்து ஏறினார்கள். எங்கள் வீட்டிலும் கூடம் நிறைந்தது. அன்றைக்கு செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. இருந்த அரிசியைப் போட்டோம், பருப்பைக் கரைத்தோம், குழந்தைகளுக்குப் பழைய புடவையைக் கிழித்துத் துவட்டக் கொடுத்தோம். ராத்திரி முழுவதும் யார் முகத்தையும் படிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. பசி என்றார்கள், ஈரம் என்றார்கள், கழிப்பறை எங்கே என்றார்கள். கேட்டதைக் கொடுத்தோம். விடியும்போது இடுப்பு விட்டுப்போயிற்று. "நான் கொஞ்ச நேரம் படுக்கிறேன், அடுப்பை யாராவது பாத்துக்குங்க" என்றேன். முன்பென்றால் சொல்லியிருக்க மாட்டேன்; விழுந்திருப்பேன். முகம் தெரியாத ஒரு பெண் என் கரண்டியை வாங்கிக்கொண்டாள். அவள் வைத்த ரசம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்று கணவர் இன்றும் சொல்கிறார். யார் பெயரையும் நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் முன்னேற்றம் மெதுவாகத்தான். மகளிடம், "இப்ப எனக்குத் தலை வலிக்குது, எட்டு மணிக்குப் பேசலாமா?" என்று சொல்லப் பழகியிருக்கிறேன். அவள் எட்டு மணிக்குச் சரியாக வந்து நிற்பாள். சில நாள் நான்தான் மறந்துபோய் சீரியல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மொழிபெயர்ப்பை விடவில்லை. இப்போது சொன்னதைச் சொன்னபடி சொல்கிறேன். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பேரன் அழைத்தான். பழைய வீட்டை விற்றுவிட்டு ஆயா அபார்ட்மென்டுக்குப் போய்விட வேண்டும், பழைய வீட்டில் விழுந்து கிடந்தால் தன்னால் சார்செலிலிருந்து ஓடிவர முடியாது என்றான். அப்படியே சொன்னேன்.

"இத்தன வருஷமா ஓடி வந்துட்டானாக்கும்" என்றாள் ஆயா. என்னைப் பார்த்தாள். "சொல்லுடி. கொறைக்காம சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அவன் கத்தினான். தன் அப்பாவின் சவ அடக்கத்துக்கு ஆயா ஏன் வரவில்லை என்று கேட்டான். விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, இத்தனை வருஷத்தில் நீ ஒருநாள்கூட இதைக் கேட்கவில்லையே என்று அவளும் கத்தினாள். கீரைக்கட்டு உருண்டு வாசலுக்குப் போயிற்று. எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்தார். விடுவதாக இல்லை இரண்டு பேரும். ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் ஆரம்பித்தார். நான் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் ஓடி ஓடித் தொண்டை வறண்டுபோய், ஒரு கட்டத்தில் கையைத் தூக்கி, தமிழில் ஒரு தடவையும் பிரெஞ்சில் ஒரு தடவையும் சொன்னேன்: "இருங்க, நான் தண்ணி குடிச்சிட்டு வரேன்."

இருந்தார்கள்.